தயக்கத்தை வென்ற தலைவி
டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் வரலாறு

பெண்மையின் பெருமையைப் பேசாத மேடை நம் நாட்டில் இல்லை. சக்தியே அனைத்துக்கும் மூலம் என்கிறோம். நவராத்திரி ஒன்பது இரவும் மலைமகளையும் அலைமகளையும் கலைமகளையும் போற்றுகிறோம். ஆனால் விழா முடிந்து, மன்றங்களின் நிருவாக சபை தெரிவாகும் நாள் வரும்போது நடப்பது என்ன? கோலமிட்ட கைகளும் மாலை கட்டிய கைகளும் பின்வரிசையில் மடங்கி விடுகின்றன. தலைவர் யார் என்ற கேள்வி எழும்போது, பெண்களின் பக்கத்திலிருந்து ஒரு குரலும் வருவதில்லை. பெண்களை எவரும் தடுப்பதில்லை என்று ஆண்கள் சொல்லக்கூடும். அது ஓரளவு உண்மையுமாகும். தடுப்பவர் வெளியே இல்லாதபோதும், நம்மால் இது முடியுமா என்று உள்ளே நின்று கேட்கும் ஒரு குரல் தடுத்துவிடுகிறது.

இதனை நாம் பிறரைக் குறை கூறுவதற்காக எழுதவில்லை. கன்னியர் நடத்திய பாடசாலையிலே படித்து, ஒழுங்கும் நேரந் தவறாமையும் பழகி, பல்கலைக்கழகம் புகுந்த நாமும் இக்குரலுக்குச் செவி சாய்த்தவர்களே. மாணவர் சங்கமொன்றின் தலைமைப் பதவி நம்மைத் தேடி வந்தபோது, படிப்பு இருக்கிறதென்று காரணம் கூறி விலகினோம். நம்மைவிட ஆண்டில் இளைய மாணவர் ஒருவர் அதனை மகிழ்வோடு ஏற்றார். அவருக்கும் படிப்பு இருந்தது! அன்றிரவு நாம் நம்மையே கேட்டுக்கொண்ட கேள்விதான் இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. அதற்கு விடை தேடிச் சென்றபோது, நமக்கு முன்னரே அதே இடத்தில் நின்று, அதே போலத் தயங்கி, பின் காலை முன்வைத்து நடந்த ஒரு பெருமாட்டியின் வரலாறு கிடைத்தது. அவரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு ஜூலை மாதம் 30ஆம் நாள் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலே பிறந்தார். நமது காரைதீவு ஈன்ற விபுலாநந்த அடிகளார் 1892ஆம் ஆண்டில் பிறந்தவர் என்பதை நினைத்துக்கொண்டால், அம்மையார் எந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர் என்பது விளங்கும். அவருடைய தந்தையார் நாராயணசாமி ஐயர், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் அதிபராய் இருந்தவர். தாயார் சந்திரம்மாள், கோயிற் பணிக்கெனப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்துக்கு உட்பட்டிருந்த இசை மரபிலே தோன்றியவர். இத்திருமணத்தின் காரணமாக ஐயரை அவருடைய சுற்றத்தார் ஒதுக்கி வைத்தனர். ஆகவே, ஊர் என்ன சொல்லும் என்ற சொல்லின் கூர்மையை அக்குழந்தை எழுத்தறிந்த நாளிலேயே அறிந்திருக்க வேண்டும்.

பதின்மூன்று வயதளவில், பருவமடைந்த பெண் பாடசாலைக்குப் போகலாகாது என்ற அக்கால வழக்கப்படி அவருடைய பள்ளிப்படிப்பு நின்றது. எத்தனையோ பெண்களின் கதை அந்த இடத்தோடு முடிந்துபோனதுண்டு. முத்துலட்சுமிக்கோ வீடே பள்ளியாயிற்று. தந்தையாரே பாடஞ் சொல்லிக் கொடுத்தார். மகளுக்கு மணம் பேச வேண்டுமென்பது தாயாரின் கவலை. மகள் படிக்க வேண்டுமென்பது தந்தையாரின் ஆசை. தாயாரின் கவலையையும் நாம் எளிதாக எண்ணிவிடலாகாது. ஒதுக்கப்பட்ட குடும்பத்துப் பெண்ணுக்கு நல்ல வாழ்வு அமைய வேண்டுமே என்று அஞ்சும் தாயின் நெஞ்சு அது. இரண்டுக்கும் நடுவே நின்ற பெண், 1902ஆம் ஆண்டில் மெற்றிக்குலேஷன் பரீட்சையில் சித்தியெய்தினார்.

அதன்பின் கல்லூரியிற் சேர விண்ணப்பித்தபோது பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. மகாராஜா கல்லூரி ஆண்களுக்குரியது. அங்கே ஒரு பெண் வந்தால் மாணாக்கரின் ஒழுக்கம் கெடும் என்றார்கள். அவருடைய தாயாரின் குலத்தைச் சுட்டியும் பேசினார்கள். புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவர்களே தலையிட்டு அனுமதி வழங்கினார். மூடிய வண்டியிலே கல்லூரிக்குச் சென்று, மற்ற மாணாக்கர் காணாதபடி திரைமறைவிலே அமர்ந்து பாடங் கேட்டார் முத்துலட்சுமி. திரைக்குப் பின்னால் இருந்தவரின் உருவத்தை எவரும் காணவில்லை. ஆனால் பரீட்சை முடிவு வந்தபோது அவர் பெயரை எல்லாரும் கண்டார்கள்.

1907ஆம் ஆண்டில் சென்னை வைத்தியக் கல்லூரியிலே சேர்ந்தார். அங்கும் வழி செம்மையாய் இருக்கவில்லை. சத்திரசிகிச்சைப் பேராசிரியராயிருந்த கர்னல் ஜிபோர்ட் என்பவர் பெண்களைத் தம் வகுப்பில் இருத்த விரும்பாதவர். முத்துலட்சுமி அவரோடு வாதம் புரியவில்லை. அவருடைய பாடத்திலேயே மிக உயர்ந்த புள்ளி பெற்றுக் காட்டினார். பேராசிரியரின் மனம் மாறியது. 1912ஆம் ஆண்டில் பரிசுகளும் பதக்கங்களும் பெற்று வைத்தியப் பட்டதாரியானார். சென்னை அரசினர் தாய்மார் மருத்துவமனையிலே முதற் பெண் உள்ளுறை வைத்தியராகவும் கடமையேற்றார்.

இங்கே நாம் ஒரு கணம் நிற்க வேண்டும். தன்னம்பிக்கை என்பதை நாம் பெரும்பாலும் உரத்த குரலென்றும், நிமிர்ந்த நடையென்றும் எண்ணிக்கொள்கிறோம். அதனாலேயே, மென்மையாகப் பேசும் பெண் ஒருத்தி தனக்கு அது இல்லையென்று முடிவு செய்துவிடுகிறாள். அம்மையாரின் இளமையைப் பார்க்கும்போது நமக்குத் தோன்றுவது வேறு. திரைமறைவில் இருந்த பெண்ணுக்கு உரத்துப் பேச இடமேது? தம் தொழிலைப் பிறரினும் நன்றாகக் கற்றுக்கொண்டதே அவருடைய நம்பிக்கைக்கு அடித்தளமாயிற்று. கையிலே வேலை தெரிந்தவரை நெடுநாள் ஒதுக்கி வைக்க எவராலும் இயலாது.

1914ஆம் ஆண்டில் டாக்டர் சுந்தர ரெட்டி அவர்களை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கலாகாது என்று நிபந்தனை கூறியே அம்மையார் மணத்துக்கு இசைந்தார். கணவரும் அதனை ஏற்று வாழ்நாள் முழுதும் காத்தார். இராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என்ற இரு புதல்வர்கள் பிறந்தனர். வீடு, குழந்தைகள், நோயாளர் என்ற மூன்று சுமைகளையும் சுமந்துகொண்டே அம்மையார் சென்னையிலே பெயர்பெற்ற வைத்தியரானார். பெண்களையும் குழந்தைகளையும் பற்றிய வைத்தியத்திலே மேலும் தேர்ச்சி பெற, 1925ஆம் ஆண்டில் அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்று இலண்டன் சென்றார். 1926ஆம் ஆண்டில் பாரிஸ் நகரிற் கூடிய சர்வதேசப் பெண்கள் மாநாட்டிலும் இந்தியாவின் சார்பிலே கலந்துகொண்டார்.

அவ்வாண்டிலேதான் அவருடைய வாழ்விற் பெரிய சோதனை வந்தது. சென்னை இராசதானியிலே சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்கு 1921ஆம் ஆண்டிலேயே வாக்குரிமை கிடைத்திருந்தது. 1926ஆம் ஆண்டில் சட்டசபையில் அமரும் உரிமையும் கிடைத்தது. அவ்வாண்டுத் தேர்தலிலே கமலாதேவி சட்டோபாத்யாய என்ற இளம்பெண் போட்டியிட்டுச் சிறிய வித்தியாசத்திலே தோற்றார். பெண்ணொருவரை நியமன அங்கத்தவராகவாவது சபைக்கு அனுப்ப வேண்டுமென்று இந்திய மாதர் சங்கம் முயன்றது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ் முதலியோர் 1917ஆம் ஆண்டில் அடையாற்றிலே நிறுவிய சங்கம் அது. அச்சங்கத்தார் முத்துலட்சுமி அம்மையாரைக் கேட்டபோது அவர் தயங்கினார். தமக்கு அரசியற் பழக்கமில்லை; நோயாளரைக் கவனிக்கும் தொழில் கெடும் என்று அஞ்சினார்.

எத்தனை தடைகளைத் தாண்டியவர் அவர்! நாற்பது வயதை அடைந்தவர். பட்டமும் புகழும் பெற்றவர். அவருக்கே தயக்கம் வந்ததென்றால், இருபது வயதில் நமக்கு வருவதில் வியப்பென்ன? ஆனால் அவர் தயக்கத்தோடு நின்றுவிடவில்லை. தம் நோயாளரை ஒவ்வொருவராக வந்து வருத்தும் துன்பங்களுக்குப் பொதுவான வேர் சமூகத்திலே இருக்கிறதென்பதை வைத்தியராகிய அவர் கண்டிருந்தார். பன்னிரண்டு வயதில் மணமாகிப் பதின்மூன்று, பதினான்கு வயதிலே பிள்ளைப்பேற்றிற் துடிக்கும் பேதைகளுக்கு மருந்து மட்டும் கொடுத்து முடியாது, சட்டமும் வேண்டும். இந்த எண்ணமே அவரைச் சபைக்கு அழைத்துச் சென்றது. 1926ஆம் ஆண்டின் இறுதியில் நியமனம் பெற்றார். 1927ஆம் ஆண்டு ஜனவரியில், அச்சபையின் உப தலைவராக ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டார். பிரித்தானிய இந்தியாவிலே சட்டசபை ஒன்றின் அங்கத்தவரான முதற் பெண்மணி அவரே.

சபையிலே அம்மையார் அலங்காரப் பொருளாய் இருக்கவில்லை. மாணவிகளுக்கு வைத்திய பரிசோதனை, தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவ வசதி, பெண்கல்வி என்று தாம் அறிந்த விடயங்களிலிருந்தே பேசத் தொடங்கினார். பெண்ணின் மண வயதை உயர்த்த வேண்டுமென்று வாதாடினார். 1929ஆம் ஆண்டில் இந்தியா முழுமைக்குமாகச் சாரதா சட்டம் நிறைவேறியபோது பெண்ணின் மண வயது பதினான்கு என்றாயிற்று. கல்வி நிலையை ஆராய நியமிக்கப்பட்ட ஹார்ட்டொக் குழுவிலும் அங்கத்தவராய் இருந்து, நாடெங்குஞ் சென்று பெண்பிள்ளைகளின் பள்ளிகளைப் பார்வையிட்டார்.

ஆயினும் அவர் பெயரை நிலைநாட்டியது பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிரான போராட்டமே. சிறுமியரைக் கோயிலுக்கு அர்ப்பணித்து, பின் அவர்களை இழிவான வாழ்வுக்குத் தள்ளும் நிலை அந்நாளில் இருந்தது. 1927ஆம் ஆண்டு நவம்பரில் அம்மையார் இதனை ஒழிக்க வேண்டுமென்று சபையிலே பிரேரணை கொண்டுவந்தார். காங்கிரஸ் தலைவரான சத்தியமூர்த்தி போன்ற நாவன்மை மிக்கவர்கள், இது மரபையும் கலையையும் அழிக்கும் என்று எதிர்த்தார்கள். அம்மையார் கையாண்ட முறை நாம் உற்று நோக்கத்தக்கது. இப்பெண்கள் கோயிற் பணி செய்யும் வரையே மானிய நிலத்தை அனுபவிக்கலாம் என்ற கட்டுதான் அவர்களை அவ்வழக்கத்தோடு பிணைத்திருந்தது. 1929ஆம் ஆண்டில் அவர் முயற்சியால் நிறைவேறிய திருத்தச் சட்டம், பணி செய்ய வேண்டுமென்ற கட்டை நீக்கி, நிலத்தை அப்பெண்களுக்கே விடுவித்தது. பொட்டுக்கட்டுதலை முற்றாகத் தடை செய்யும் சட்டம் 1947ஆம் ஆண்டிலேதான் வந்தது. இருபது ஆண்டுகள்! ஒரு வாழ்நாளின் நடுப்பகுதியே அதற்குச் செலவாயிற்று.

அம்மையாரை எதிர்த்தவர்கள் அனைவரும் தீயவர்கள் என்று எழுதுதல் முறையாகாது. அவ்வழக்கத்துக்கு உட்பட்ட பெண்களிலேயே ஒரு பகுதியார் எதிர்த்தனர். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெருங் கலைஞர்கள், தம் இசையும் நடனமும் சொத்துரிமையும் இதனோடு போய்விடுமே என்று கவலை கொண்டனர். அக்கவலையிலும் பொருள் இருந்ததென்பதைப் பிற்காலத்து ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டியிருக்கின்றனர். மறுபுறத்தில், அதே மரபில் வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊரூராய்ச் சென்று இவ்வழக்கத்தை ஒழிக்கப் பிரசாரம் செய்தார். முத்துலட்சுமி அம்மையாரின் நிலையோ இன்னும் கடினமானது. எந்தக் குலத்தைச் சொல்லி அவரை இளமையில் இழித்தார்களோ, அந்தக் குலத்துப் பெண்களைப் பற்றியே அவர் சபை நடுவே எழுந்து பேச வேண்டியிருந்தது. மறைக்க விரும்பியிருந்தால் மறைத்திருக்கலாம். வடு இருந்த இடத்தையே வலிமையாக்கிக்கொண்டார்.

1930ஆம் ஆண்டில் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்துத் தம் பதவியைத் துறந்தார். பதவியை ஏற்கத் தயங்கியவர், அதனை விடுவதற்குத் தயங்கவில்லை. அவ்வேளையிலே பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பி வந்த சிறுமியர் சிலர் அவர் வீட்டு வாயிலில் வந்து நின்றனர். அவர்களை ஏற்க விடுதிகள் மறுத்தன. அம்மையார் அவர்களைத் தம் இல்லத்திலேயே வைத்துக்கொண்டார். அதுவே ஔவை இல்லமாக வளர்ந்தது. அநாதைச் சிறுமியர்க்கு உணவும் கல்வியும் தொழிலும் தந்து, பின்னர் அடையாற்றிலே நிலைபெற்றது. சட்டம் இயற்றினால் போதாது. அச்சட்டத்தால் விடுதலை பெற்றவர் போய்த் தங்க ஓர் இடமும் வேண்டும் என்பதை அவர் செய்கையால் உணர்த்தினார்.

அவர் வாழ்வின் கடைசிப் பெரும்பணி ஒரு துயரத்திலிருந்து பிறந்தது. 1923ஆம் ஆண்டில் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். வைத்தியரான தமக்கை அருகிருந்தும் காப்பாற்ற இயலவில்லை. அந்நோய்க்கெனத் தனி வைத்தியசாலை ஒன்று வேண்டுமென்ற எண்ணம் அன்று முதல் அவரை விடவில்லை. 1935ஆம் ஆண்டில் வைத்தியக் கல்லூரியின் நூற்றாண்டு விழா மேடையிலே அதனை வெளியிட்டார். கேட்டவர் பலர், கொடுத்தவர் சிலர். 1949ஆம் ஆண்டில் மாதர் சங்கத்தின் பெயரால் நிதி திரட்டத் தொடங்கினார். 1952ஆம் ஆண்டில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு ஜூன் மாதம் அடையாறு புற்றுநோய் நிலையம் 12 கட்டில்களோடு திறக்கப்பட்டது. அப்போது அம்மையார் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். தங்கை இறந்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்நிலையத்தை நடத்தும் பொறுப்பை, வெளிநாடு சென்று இத்துறையிலே பயின்று வந்த மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி ஏற்றார். அவரோடு இளம்பெண் ஒருவரும் வந்து சேர்ந்தார். அவரே டாக்டர் சாந்தா. பின்னர் அந்நிலையத்தின் தலைமையை ஏற்று, 2005ஆம் ஆண்டில் மக்சேசே விருது பெற்று, 2021ஆம் ஆண்டில் மறையும் வரை அதே வளாகத்திலே பணிபுரிந்தவர். ஒரு பெண் தலைமை ஏற்றால் அது அவரோடு முடிவதில்லை. பின்னால் வருபவளுக்கு அந்த நாற்காலி அந்நியமாய்த் தோன்றுவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இந்திய அரசாங்கம் 1956ஆம் ஆண்டில் அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1968ஆம் ஆண்டு ஜூலை மாதம் 22ஆம் நாள், 82 வயது நிறைவதற்கு எட்டு நாள்கள் இருக்கையில், அவர் சென்னையிலே இயற்கையெய்தினார். தமிழ்நாட்டிலே வறிய தாய்மாருக்குப் பேறுகால உதவி வழங்கும் அரசாங்கத் திட்டம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இனி நமது நாட்டுக்கு வருவோம். டொனமூர் சீர்திருத்தத்தால் 1931ஆம் ஆண்டிலேயே இலங்கைப் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். 1932ஆம் ஆண்டில் திருமதி நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1960ஆம் ஆண்டில் உலகின் முதற் பெண் பிரதமரை நம் நாடே தந்தது. இவ்வளவு பழம்பெருமை இருந்தும், 2024ஆம் ஆண்டிலே தெரிவான பாராளுமன்றத்தில் பெண்கள் பத்தில் ஒரு பங்களவே. உள்ளூராட்சி மன்றங்களில் நாலில் ஒரு பங்கு பெண்களுக்கென்று சட்டம் வந்து, 2018ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் நடைமுறையில் இருக்கிறது. பெயர் கொடுக்கப் பெண்களைத் தேடி வீடு வீடாக அலைந்த கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். பல்கலைக்கழகங்களிலோ பெண்களே தொகையில் மிகுந்தவர். பரீட்சை மண்டபத்திலே முன்வரிசை; மந்திராலோசனை மண்டபத்திலே வெற்றிடம்! இந்த இடைவெளியை யார் நிரப்புவது?

சொறிக்கல்முனையிலே திருச்சிலுவை ஆலயத்தின் மணியோசை கேட்கிறது. அயலூர்களின் பள்ளிவாசல்களிலிருந்து பாங்கொலி வருகிறது. நம் கோயில்களின் காண்டாமணியும் ஒலிக்கிறது. மூன்று சமயத்தாரின் வீடுகளிலும் கல்வி கற்ற பெண்கள் இருக்கிறார்கள். ஆசிரியைகளாக, தாதியராக, வைத்தியராகப் பிறர் உயிரையும் அறிவையும் பொறுப்பேற்கும் இவர்கள், ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்க மட்டும் தகுதியற்றவர் ஆவார்களோ?

பெரியோர்களே! முத்துலட்சுமி அம்மையாரின் வெற்றியிலே வீட்டில் இருந்து பாடஞ் சொல்லிக் கொடுத்த ஒரு தந்தைக்குப் பங்குண்டு. கதவைத் திறந்த ஓர் அரசருக்குப் பங்குண்டு. சொன்ன சொல்லைக் காத்த ஒரு கணவருக்குப் பங்குண்டு. தயங்கியபோது விடாமல் அழைத்த தோழியர் சங்கத்துக்குப் பங்குண்டு. நம்பிக்கை தனியொருத்தியின் நெஞ்சில் மட்டும் விளையும் பயிரன்று. அதற்கு நீர் பாய்ச்சுவோரும் வேண்டும். வயல் செய்யும் நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒருமுறை கேட்டாள், வேண்டாமென்றாள் என்று விட்டுவிடாதீர்கள். இரண்டாம் முறையும் கேளுங்கள்.

சகோதரிகளே! தயக்கம் முற்றாக நீங்கிய பின் தலைமை ஏற்போம் என்று காத்திருந்தால் அந்நாள் வராது. அம்மையாருக்கே வரவில்லை. அறிந்த வேலையிலிருந்து தொடங்குவோம். கூட்டக் குறிப்பை எழுதுவது முதலாக, கணக்கை வாசிப்பது முதலாக, ஒரு சிறு குழுவை நடத்துவது முதலாகப் பழகுவோம். தவறு நேர்ந்தால் திருத்திக்கொள்வோம். ஆண்களும் அப்படித்தான் கற்றார்கள்.

நாமும் ஒரு தீர்மானம் செய்திருக்கிறோம். அடுத்த முறை அந்த நாற்காலி நம்மை நோக்கி நகருமானால், படிப்பு இருக்கிறதென்று சொல்லமாட்டோம். படிப்பு இருப்பதனாலேயே அமர்வோம்.